பனிச்சங்குடா வண்டி பற்றிய வினா

மார்ச் 7, செவ்வாய்

ஆஸ்பத்திரி வாகனம் ஏழு பத்துக்கு வந்தது. வழமையைவிட ஐந்து நிமிடம் முந்தி. மனைவி தவமலர் தலைவாரி முடிக்கவில்லை. சாரதி ரொபட், ஹோர்ன் அடிக்காமல் காத்து நின்றான், நல்லவன். கதவைத் திறந்து அவளை ஏற்றி, மடியில் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டு வந்தேன். இரத்தம் சுத்திகரிக்க நாலு மணித்தியாலம். வீடு திரும்ப மத்தியானம் ஒன்றரை ஆகும்.

பத்து மணிக்குப் பனிச்சங்குடாவிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். களப்பு நீருக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்கு நடுவால் போட்ட தாம்போதித் தெருவைத் தாண்டிப் போகவேண்டிய ஊர். போன தேர்தலில் எனக்கு நல்ல வாக்குத் தந்த ஊர். அமலதாஸ் என்ற நண்டு வலைக்காரன்தான் முன்னுக்கு இருந்தான். முப்பது வயதிருக்கும். மனைவி ஜெசிந்தா பிள்ளைப்பேறில் இறந்துபோனாள். பிள்ளை தப்பிவிட்டது, பெண்.

அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாகாண சபை ஒரு அம்புலன்ஸ், நோயாளர் காவு வண்டி, கொடுத்தது. கையளிப்பு விழாவில் நானும் மேடையில் இருந்தேன். மூன்று மாதத்தில் திருத்த வேலைக்கென்று கொண்டுபோனார்கள். பிறகு வரவேயில்லையாம்.

"ரத்தம் நிக்கேல்லை ஐயா. மருத்துவமாது டவுண் பெரியாஸ்பத்திரிக்குப் போன் அடிச்சவ. வாகனம் வெளியில போயிட்டுது எண்டு சொல்லிப்போட்டினம். ஓட்டோவில ஏத்தினம். தாம்போதி தாண்டேக்கையே கண் சொருகீட்டுது."

எப்போது என்று கேட்டேன்.

"பெப்ரவரி பத்து. வெள்ளிக்கிழமை. போன் அடிக்கேக்க காலமை ஏழே கால்."

முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் நேரக்கணிப்பாளனாக இருந்தவன் நான். யார் எந்த நேரத்தைச் சொன்னாலும் எழுதி வைத்துக்கொள்வேன். எழுதி வைத்தேன்.

மாகாண சபையில் கேட்கிறேன் என்றேன். போகும்போது அமலதாஸ் கை கொடுத்தான். உப்பும் கயிறும் அறுத்த கை.

மார்ச் 9, வியாழன்

வினாவை எழுதி அவைச் செயலகத்தில் கொடுத்தேன். வாய்மூல விடைக்கு. பனிச்சங்குடா பிரதேச வைத்தியசாலைக்கு வழங்கப்பட்ட நோயாளர் காவு வண்டி இப்போது எங்கே உள்ளது. எந்தத் திகதியில் யாருடைய பணிப்பின்பேரில் அங்கிருந்து அகற்றப்பட்டது. அதன் எரிபொருளுக்கும் திருத்தத்துக்கும் சென்ற ஆண்டு மாகாண நிதியிலிருந்து எவ்வளவு செலவிடப்பட்டது. ஓடாத வண்டி என்றால் எரிபொருள் எதற்கு. ஓடுகிற வண்டி என்றால் எங்கே ஓடுகிறது. கடைசி இரண்டும் நானே ரசித்து எழுதியவை.

எழுத்தர் பிள்ளை வாசித்துவிட்டு, "சேர், அமைச்சர் உங்கட கட்சிதானே?" என்று கேட்டாள்.

"கேள்விக்குக் கட்சி இல்லைப் பிள்ளை" என்றேன். வெளியே வந்தபோது நடை கொஞ்சம் இளமையாக இருந்தது.

மார்ச் 10, வெள்ளி

வாகனம் ஏழே கால்.

தவமலர் திரும்பி வந்து படுத்திருந்தாள். புட்டும் உப்பில்லாத கறியும் கொண்டுபோனேன். பிசைந்துகொண்டே இருந்தாள்.

"சபையில என்ன கேள்வி குடுத்தனீங்கள்?"

சொன்னேன்.

"கட்டாயம் கேக்கத்தான் வேணுமோ?"

"ஒரு பிள்ளைத்தாச்சி செத்திருக்கிறாள். நான் கேக்காமல் ஆர் கேக்கிறது?"

அவள் புட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். கட்சி என்ன செய்யுமோ என்று பயப்படுகிறாள் போலும். என்னுடைய அரசியல் அவளுக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

மார்ச் 13, திங்கள்

பத்திரிகையில் மூன்றாம் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்: "ஆளுங்கட்சி உறுப்பினரே சுகாதார அமைச்சரிடம் கிடுக்குப்பிடி." படம் பழையது, மீசை கறுப்பு. காலையில் மட்டும் ஆறு தொலைபேசி அழைப்புகள். எல்லாரும் துணிச்சல் என்கிறார்கள்.

ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. வேலியோரம் நடந்தேன், கிணற்றடிக்கு நடந்தேன், திரும்பவும் வேலிக்கு. தேநீரை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினேன். மகிழ்ச்சியாக இருந்தால் இப்படித்தான் இருக்குமோ தெரியவில்லை.

மார்ச் 14, செவ்வாய்

வாகனம் ஏழு பதினெட்டு. மழை.

மார்ச் 16, வியாழன்

சுகாதார அமைச்சர் நவநீதன் கூப்பிட்டிருந்தார். என்னைவிட இருபது வயது இளையவர், நல்லாகப் பழகுபவர். அலுவலக அறையில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு ஒரு கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார்.

என்னுடைய கடிதத்தாள். என்னுடைய கையெழுத்து. முந்திய வருடம் ஒக்டோபர் மாதத் திகதி.

"குலசேகரம் அண்ணை, இதை மறந்திட்டீங்கள் போல கிடக்கு."

வாசித்தேன். சிறுநீரக நோயாளர் பத்தொன்பது பேர் கிழமைக்கு இரண்டு தரம் நகர ஆதார வைத்தியசாலைக்குப் போய்வரப் படும் சிரமத்தைக் கருத்தில் கொண்டு, பயன்பாடு குறைந்த வண்டியொன்றை அங்கு நிரந்தரமாக நிறுத்தி உதவுமாறு கேட்டிருந்தேன். நல்ல கடிதம்தான். பனிச்சங்குடா என்று அதில் ஒரு சொல் கிடையாது. 'பயன்பாடு குறைந்த வண்டியொன்று' என்றுதான் இருக்கிறது. எந்த வண்டி என்று நான் சொல்லவில்லை. அது திணைக்களம் தீர்மானிக்கவேண்டிய விடயம்.

இதையே அமைச்சரிடமும் சொன்னேன்.

"ஓம் அண்ணை. ஆனால் அதே கிழமை போனும் எடுத்தனீங்கள். அக்காவுக்கு அப்பதான் ரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கினது. 'தம்பி, எங்கயாவது உள்ளூர் ஆஸ்பத்திரியில சும்மா நிக்கிறதை எடுத்து விடன்' எண்டனீங்கள். நான் உங்களுக்காகத்தான் செய்தனான்."

அப்படிச் சொன்னேனோ என்னவோ. போனில் ஆயிரம் பேசுகிறோம்.

பதில் தயாராக இருக்கிறதாம். இயந்திரக் கோளாறு, உதிரிப்பாகத் தாமதம், விரைவில் கையளிக்கப்படும். "நீங்கள் துணைக் கேள்வி ஒண்டும் கேக்காதேங்கோ. நான் வாசிப்பன், நீங்கள் நன்றி சொல்லுவியள், முடிஞ்சுது. இந்தக் கடிதம் இந்த மேசை லாச்சியை விட்டு வெளிக்கிடாது." பிறகு என் முழங்கையைத் தொட்டார். "அக்காவுக்கு வாகனம் வேணும்தானே அண்ணை."

அமைச்சின் கார் தருவதாகச் சொன்னார்கள். பஸ்ஸில் வந்தேன். இரண்டு தரிப்பிடம் முந்தியே இறங்கி வெயிலில் நடந்தேன்.

மார்ச் 17, வெள்ளி

வாகனம் ஏழே கால். நான் வாசலுக்குப் போகவில்லை. சாமியறையில் விளக்குத் துடைக்கிற வேலை இருந்தது.

மார்ச் 18, சனி

பத்தொன்பது பேருக்கும் அந்த வண்டி எவ்வளவு பயன்பட்டது என்று தெரிந்துகொண்டு பேசினால் நல்லது. உதவி என்பது உதவிதான், அதை எண்ணிக்கையோடு சொல்லலாம் என்று நகர ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாகன ஓட்டப் பதிவேட்டைக் கேட்டேன். மாகாண சபை உறுப்பினர் என்பதால் எடுத்துத் தந்தார்கள்.

டிப்போவில் இப்படிப்பட்ட பதிவேடுகளுக்குள்தான் என் வாழ்க்கை போனது. எந்த வரியில் பொய் எழுதியிருக்கிறது என்று விரல் வைத்தால் தெரியும். இதில் பொய் ஒன்றும் இல்லை. கொன்றையடிச் சந்தி, கொன்றையடிச் சந்தி, கொன்றையடிச் சந்தி. பக்கம் பக்கமாக என் வீடு. மற்ற ஊர்ப் பெயர்கள் முதல் இரண்டு மாதத்தில் மட்டும் வருகின்றன.

ரொபட் பக்கத்தில் நின்றான்.

"மற்ற ஆக்களை ஏத்திறேல்லையோ?"

"அவையள் உள்ளுக்க உள்ள ஊருகளில இருக்கினம் ஐயா. றோட்டுச் சரியில்லை, நேரம் காணாது, மெயின் றோட்டு ஆக்களை மட்டும் ஏத்து எண்டு மேல இருந்து சொன்னவை. மெயின் றோட்டில நீங்கள் மட்டும்தான்."

பெப்ரவரி பத்தைப் பார்த்தேன். பார்க்கவேண்டும் என்று நினைத்துப் பார்க்கவில்லை, பக்கம் அங்கே திறந்தது. 'ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பாடு 6.50. கொன்றையடி 7.15.'

வீட்டுக்கு வந்து இந்தக் கொப்பியில் அதே நாளைத் திருப்பினேன். 'வாகனம் ஏழே கால். முருங்கைக்காய் நாலு வாங்கினேன். பிஞ்சு.' இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 19, ஞாயிறு

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

மார்ச் 20, திங்கள்

மத்தியானம் தவமலருக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். ஊசி குத்துகிற இடது கையின் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருக்கிறது. தொட்டால் உள்ளே இரைகிறது. அந்த இரைச்சல் நின்றால் ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் ஒவ்வொரு நாளும் தொட்டுப் பார்ப்பேன்.

"அது பனிச்சங்குடா வண்டி" என்றேன்.

"தெரியும்."

நகவெட்டியைக் கீழே வைத்தேன்.

"கதவில பெயரை வெள்ளை பெயின்ரால அழிச்சிருக்கினம். வெயில் சரிவாப் பட்டால் எழுத்துத் தெரியும். முதல் மாசமே கண்டிட்டன்."

"நீர் ஏன் சொல்லேல்லை?"

"கதவைத் திறந்து விடுறது நீங்கள்தானே. நீங்களும் கண்டிருப்பியள் எண்டு நினைச்சன்." கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "பேந்து, நீங்கள் காணேல்லை எண்டு விளங்கிச்சுது. அப்பவும் சொல்லேல்லை. எனக்கும் அந்த வண்டி வேணுமாத்தான் இருந்தது. அதுதான் உண்மை. அந்த அமலதாஸ் தன்ர செத்த மனுசியின்ர கதையைச் சொல்லிப்போட்டுப் போன அண்டைக்குப் பின்னேரம் நீங்கள் ரோட்டுவாசலிலேயே நிண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு நிண்டியள், 'ஏழே காலுக்கு வாகனம் எங்க போயிட்டுதாம், கேட்டுப்போட்டுத்தான் விடுவன்' எண்டு. உள்ளுக்க படுத்திருந்து கேட்டன். எழும்பி ஓடவேணும் போல கிடந்தது. எங்க ஓடுறது?"

நாளைக்கு வாகனம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"நாளைக்குப் போறன். நீங்கள் சபையில கதைச்ச பிறகு பஸ்ஸில போவம்."

"ஊசி குத்தின கையோட பஸ்ஸிலயோ?"

"மற்றப் பதினெட்டுப் பேரும் எதில போகினம்?"

நான் கதைக்கப் போகிறேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அவளாகவே முடிவு செய்துவிட்டாள். கோபம் வந்தது. மிச்ச நகங்களை வெட்டிவிட்டேன்.

மார்ச் 22, புதன்

நவநீதன் இரண்டு தடவை அழைத்தார். எடுக்கவில்லை. கடிதத்தின் பிரதி என்னிடமும் இருந்திருக்கிறது, அலுமாரியில், நான் வைத்த இடத்திலேயே.

மார்ச் 23, வியாழன்

அமர்வு ஒன்பதரைக்குத் தொடங்கவேண்டியது, பத்து ஐந்துக்குத் தொடங்கியது. பார்வையாளர் வரிசையில் பனிச்சங்குடா ஆட்கள் பன்னிரண்டு பேர். அமலதாஸ் வெள்ளைச் சேர்ட்டு போட்டு, கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தான். நான் அவர்களை வரச் சொல்லவில்லை. பத்திரிகை பார்த்து வந்திருக்கிறார்கள். என்னைக் கண்டதும் அமலதாஸ் எழும்பிக் கும்பிட்டான்.

முதல் இரண்டு வினாக்களும் குளத்துக் கட்டு, பாலர் பாடசாலை ஆசிரியர் வேதனம். நான் கதிரையில் இருந்து இரண்டு தரம் எழும்பி இருந்தேன். பக்கத்து உறுப்பினர், "என்னண்ணை, வயித்துக் குழப்பமோ?" என்றார்.

என் வினாவை வாசித்தேன். அமைச்சர் எழும்பினார். இயந்திரக் கோளாறு. உதிரிப்பாகம். விரைவில் கையளிக்கப்படும். வாசித்து முடித்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றம் இல்லை, அக்கறைதான் இருந்தது. அது இன்னும் கஷ்டம்.

அவைத் தலைவர், "துணைக் கேள்விகள் உண்டா?" என்றார்.

உண்டு என்றேன்.

"கௌரவ அமைச்சர் அவர்களே, அந்த வண்டி இன்று வரைக்கும் நகர ஆதார வைத்தியசாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டப் பதிவேட்டை நான் பார்த்தேன். சபை உறுப்பினர் ஒருவரின் கடிதத்தின்பேரில்தான் அது மாற்றப்பட்டது. அந்த உறுப்பினரின் பெயரைச் சபைக்கு அறிவிப்பீர்களா?"

எதிர்த்தரப்பில் சத்தம் எழுந்தது. "பெயரைச் சொல்லு! பெயரைச் சொல்லு!" பார்வையாளர் வரிசையில் பனிச்சங்குடா ஆட்கள் முன்னுக்குச் சரிந்தார்கள்.

நவநீதன் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணை, இருங்கோ. தயவுசெய்து இருங்கோ" என்றார்.

"அமைச்சர் சொல்லமாட்டார், அவர் நல்ல மனிதர்" என்றேன். "நான் சொல்லுகிறேன்."

கடிதத்தை வாசித்தேன். முழுவதும் வாசித்தேன், திகதியிலிருந்து கையெழுத்து வரை. என் பெயர் வந்தபோது குரல் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பதிவேட்டில் உள்ளதைச் சொன்னேன். கொன்றையடிச் சந்தியில் இறங்கி ஏறுகிற நோயாளி என் மனைவி என்று சொன்னேன். பெப்ரவரி பத்தாம் திகதி காலை ஏழே காலுக்கு அந்த வண்டி என் வாசலில் நின்றது என்று சொன்னேன். சபைப் பதிவான ஹன்சாட்டில் இது பதியப்படவேண்டும் என்று கேட்டேன்.

சத்தம் போட்டவர்கள் சத்தம் போடவில்லை. யாரோ ஒருவர் மட்டும் பின்னாலிருந்து, "அப்ப ஏன் இன்னும் அந்தக் கதிரையில இருக்கிறாய்?" என்றார். நியாயமான கேள்வி.

கடைசியாகக் கேட்டேன்: வண்டியை எப்போது திருப்பி அனுப்புவீர்கள், பத்தொன்பது நோயாளருக்கும் பொதுவாக ஒரு வாகனம் ஒழுங்கு செய்ய அமைச்சிடம் திட்டம் உண்டா. நவநீதன் முதலாவதற்கு "திங்கட்கிழமை" என்றார். இரண்டாவதற்கு "அடுத்த வருட மதிப்பீட்டில் கவனத்தில் எடுக்கப்படும்" என்றார். குரல் மாறியிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு கதிரையும் காலி. எப்போது எழும்பிப் போனார்கள் என்று கவனிக்கவில்லை. நேரம் குறிக்கவில்லை.

மார்ச் 24, வெள்ளி

வாகனம் வரவில்லை. வண்டி திங்கள்தான் போகிறது, ஆனால் இனி அந்த வாகனத்தில் ஏறமாட்டேன் என்று தவமலர் நேற்றே ரொபட்டுக்குப் போன் அடித்துச் சொல்லிவிட்டாள்.

ஆறு ஐம்பது பஸ். நிரம்பி வந்தது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழும்பி இடம் கொடுத்தாள். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பி வரும்போது பிறஷர் இறங்கி, சந்தைக்கு முன்னால் என் தோளில் சாய்ந்துவிட்டாள். நடத்துநர் பஸ்ஸை நிறுத்தி முகத்துக்குத் தண்ணீர் அடித்தார். கண் திறந்ததும் முதல் சொன்னது, "சனம் பாக்குது, என்ர சீலையை இழுத்து விடுங்கோ."

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. இதை இன்று எழுதுகிறேன், நாளைக்கு வேறு மாதிரி எழுதினாலும் எழுதுவேன்.

மார்ச் 28, செவ்வாய்

கட்சியிலிருந்து கடிதம். உறுப்புரிமை இடைநிறுத்தம், பதினாலு நாளில் விளக்கம். 'கட்சியையும் அமைச்சரையும் அவமதித்தமை' என்று காரணம் போட்டிருக்கிறார்கள். வண்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பத்திரிகையில் முதல் பக்கம். ஒருவர் என்னைத் தியாகி என்று எழுதியிருக்கிறார், மற்றவர் நாடகக்காரன் என்று. முதலாவதை வாசிக்கத்தான் கூசியது.

பஸ்ஸில் இன்று எங்களோடு இன்னும் மூன்று பேர், அதே கிளினிக். ஒருவர் ஆலடியிலிருந்து, இரண்டு பஸ் மாறி வருகிறவர். ஒன்றரை வருடமாக இப்படித்தானாம். தவமலரின் கையைத் தொட்டுப் பார்த்து, "உங்கட நல்லா இரையுது" என்றார்.

ஏப்ரல் 4, செவ்வாய்

ஆறு ஐம்பது பஸ் ஏழு நாலுக்கு வந்தது. அடுத்த அமர்வுக்குப் பொது வாகனம் பற்றி மீண்டும் வினா கொடுத்தேன். எழுத்தர் பிள்ளை ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினாள்.

ஏப்ரல் 9, ஞாயிறு

பனிச்சங்குடாவுக்குப் போனேன். தவமலர் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். நேற்று வரை போகாமலிருக்க ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. இன்று ஒன்றும் அகப்படவில்லை.

தாம்போதியில் பஸ் ஊர்ந்துதான் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் குழி குழியாகத் தார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக ஒன்பது நிமிடம். எங்கே கண் சொருகியது என்று அவன் சொன்னானோ, அந்த இடம் எதுவாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டு போனேன்.

குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து ஆட்கள் ஓலையோடு வந்துகொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வளவில் வண்டி நின்றது. சிலர் என்னைக் கண்டு மற்றப் பக்கம் பார்த்தார்கள். ஒரு கிழவர் கையிலிருந்த ஓலையால் அமலதாஸின் வீட்டைக் காட்டினார்.

அமலதாஸ் முற்றத்தில் நின்றான். தோளில் பிள்ளை. கம்பியில் நண்டு வலை தொங்கியது, அறுந்த இடங்களோடு. படலைக்கு வெளியே நின்றேன். உள்ளே வரச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் இருந்தன. மன்னிப்பு என்ற சொல்லை எந்த இடத்தில் வைப்பது என்றுகூட யோசித்திருந்தேன். "தம்பி" என்று தொடங்கினேன்.

அவன் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். கோபத்தைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவன் மெல்லக் கேட்டான்:

"உங்கட மனுசிக்கு இப்ப எப்பிடி?"

குத்திக் கேட்டானா, உண்மையாகவே கேட்டானா என்று முகத்தில் தேடினேன். தெரியவில்லை. ஆனால் கேட்டுவிட்டு நின்றான். விடை வேண்டி நின்றான்.

"இருக்கிறா" என்றேன்.

சொல்லி முடிந்த பிறகுதான் என்ன சொன்னேன், யாரிடம் சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவன் தலையை ஒருமுறை ஆட்டினான். பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனான். படலையைச் சாத்தவில்லை. நானும் உள்ளே போகவில்லை.